பாடி என்ற சொல்

என் அப்பா திருமழிசைப் பட்டறை ஒன்றில் லாரிகளுக்குப் பாடி கட்டியவர். ஆங்கிலம் அறியாத அம்மாவுக்கும் அந்தச் சொல் அத்துப்படி. துணிக்கடையில் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குவதும் பாடிதான். ஜிம்முக்குப் போகிறவன் ஏற்றுவதும் பாடி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊரே பிழைக்கிறது என்று அப்பாவைச் சீண்டுவேன்.

போன மழைக்காலத்தில் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பேஷன்ட் என்றார்கள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்ததும் வார்டு ஊழியர் என்னிடம் வந்து, "பாடிய எப்ப எடுத்துக்கினு போறீங்க?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகொரு நாள் அந்த ஆத்திரத்திலேயே அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் தலையும் கைகால்களும் நீங்கலான நடுவுடலுக்கு அந்தப் பெயராம். அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களுக்கே தெரியவில்லையாம். நல்ல சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று அம்மா கேட்டது ஒன்றுதான். அப்பாவை ஒருதரம் வீட்டுக்குள் படுக்கவைத்து அனுப்ப வேண்டும். அம்பத்தூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஆம்புலன்ஸ் வந்து நின்றதுமே குடியிருப்புச் சங்கச் செயலாளர் இறங்கி வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பாடிய மேல கொண்டு போகக் கூடாதுன்னு சங்கத்துல முடிவு பண்ணியிருக்கோம். பார்க்கிங்ல வெச்சுக்கலாம்."

காலையில் இதே லிப்டில் இறங்கிப் போன மனுஷன் என்று சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், கத்தினேன். பதில் மாறவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே ஐஸ் பெட்டியை வைத்தோம். பட்டறைக்காரர்கள் மாலையோடு வந்து ஸ்கூட்டர்களுக்கு இடையில் ஒதுங்கி நின்றார்கள். அம்மா சிமெண்ட் தரையில் உட்கார்ந்து மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பார்க்கிங்கைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் யாருடைய காரோ நின்றது.

இறந்தவரைக் கிடத்திய இடத்தில் விளக்கேற்றிச் சொம்பில் தண்ணீர் வைப்பதும், காரியம் முடியும்வரை விளக்கை அணையாமல் காப்பதும் எங்கள் வழக்கம். மேலே வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் தங்கை விளக்கை ஏற்றி அம்மாவிடம் நீட்டினாள். அதை ஏந்திக்கொண்டு அம்மா கூடத்துக்குப் போனாள், படுக்கையறைக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

"உங்கப்பாவ இந்த ஊட்ல எங்கியுமே படுக்க வெக்கலியேடா," என்றாள். "இத நான் எங்க வெக்கறது?"