ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டம் இல்லை

அரசு நிதியில் ஆய்வு செய்யும் பேராசிரியர் வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்கு உழைத்தார் என்று ஒரு படிவம் கேட்கும். கேட்கட்டும், நியாயம்தான். ஆனால் அதில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் கட்டம். நானோ அந்த ஐந்து நாளும் சேலத்தில் வகுப்பில் தொண்டை வறளக் கத்துகிறவள். நாமக்கல் பண்ணைகளுக்குப் போய்க் கோழி குடிக்கும் தண்ணீரை எடுத்து வந்து கிருமி பார்ப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான். அம்மாவுக்கு அதில் தீராத கோபம். "ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் இல்ல, கோழிக்கு மட்டும் நாள் பூரா இருக்கு!"

படிவத்தோடு கணக்குப் பிரிவுக்குப் போனேன். கண்காணிப்பாளர் திருச்செங்கோட்டுக்காரர், நல்ல மனிதர்.

"ஏனுங்க மேடம், தெனம் ரெண்டு மணி நேரம்னு போட்டுட்டுப் போங்க."

"அந்த நேரத்துல நான் கிளாஸ்ல இருந்தேனே சார்!"

"அப்ப சைபர் போடுங்க."

"சைபர் போட்டா நான் வேலையே செய்யலைன்னு ஆகிடாதா?"

"ஆமாங்க."

"அப்ப எதைத்தான் போடறது?"

"அதானுங்க எனக்கும் தெரியல."

படிவத்தோடு திரும்பி வந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, கல்லூரிச் சம்பளம் எப்படியும் வரும். திட்டத்தில் என்னோடு வேலை பார்த்த பள்ளிபாளையத்துப் பெண்ணின் கதி அப்படியல்ல. இந்தப் படிவம் தேறினால்தான் அவளுக்கு இரண்டாம் ஆண்டு வேலை, உதவித்தொகை, முனைவர் பட்டம் எல்லாம்.

யோசித்து யோசித்து, கடைசியில் கட்டத்துக்கு வெளியே உள்ளதை உள்ளபடி எழுதினேன்: வேலை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. நிதி தரும் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விடுமுறை நாளில் வேலை செய்ய முன் அனுமதி வாங்கினீர்களா? வாங்கவில்லையே! அப்படியென்றால் அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்க முடியாதாம். என்ன கூத்து இது? நாங்கள் எடுத்த தண்ணீர் குளிர்பெட்டியில் அடுக்கடுக்காக இருக்கிறது. எடுத்த நாங்கள் மட்டும் வேலை செய்யாதவர்கள். எத்தனை முறை படித்தும் எனக்கு விளங்கவில்லை.

திட்டம் நீட்டிக்கப்படவில்லை. அந்த மாதமும் என் சம்பளம் குறையாமல் வந்தது. அவள் ஆய்வகச் சாவியை ஒப்படைக்க வந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி, "பொய் எழுத எனக்கு மனசு வரலம்மா" என்றேன்.

சாவியை மேசையில் வைத்தாள்.

"எனக்காகப் போட்டிருக்கலாமேங்க மேடம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.