புதைகாட்டுக் கரையில் ஒதுங்கினோம்

சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே பாலம் வராத காலம். என் கணவருக்குப் பத்து பாகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அந்தத் தோட்டத்துக் கங்காணி, கோயிலுக்காக ஊரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய காளியம்மன் சிலையை எடுத்துப் போக சிங்கப்பூர் வந்திருந்தார். அதற்காக ஒரு மலாய்க்காரரின் பாய்மரப் படகைப் பேசி வைத்திருந்தவர், எங்களையும் அதிலேயே ஏற்றிக்கொண்டார். வைக்கோலும் சாக்கும் சுற்றிய அம்மன், எங்கள் மூட்டை முடிச்சு, ஆறு மாத வயிற்றோடு நான். படகுக்காரரை விட்டால், எங்களில் அம்மன் மட்டும்தான் வாந்தி எடுக்காமல் வந்தாள்.

அதற்கு முன் எனக்கு இரண்டு முறை குறைப்பிரசவம் ஆகியிருந்தது. இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்த முறை என் கணவர் என்னைத் தரையில் நடக்க விடாத குறைதான். இடுப்பில் எந்நேரமும் ஒரு சின்னப் பாக்குவெட்டியைச் செருகியிருக்க வேண்டும் என்பார். இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாதாம். அது குத்துகிற குத்துக்குக் காத்து கருப்பே தேவலை என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் எடுத்துப் போட மனம் வராது. எனக்கும் இந்தப் பிள்ளை வேண்டுமே.

இரண்டாம் நாள் பிற்பகலில் காற்று குறைந்துவிட்டது. இருட்டுவதற்குள் பத்து பாகாட் ஆற்றுக்குள் நுழைய முடியாது, எங்காவது நங்கூரம் போட்டுத் தங்கியாக வேண்டும் என்றார் படகுக்காரர். கண்ணெதிரே தென்னை மரங்களோடு அழகான மணல் கரை ஒன்று இருந்தது. கொப்பரை ஏற்றிய ஒரு படகு ஏற்கெனவே அங்கே நின்றது. அதில் சோறு பொங்கும் புகை. கங்காணிக்குப் பார்த்ததுமே பிடித்துப் போயிற்று. படகுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கரை மேற்கே திறந்து கிடக்கிறது, விடியும் நேரத்தில் சுமத்ரா பக்கமிருந்து காற்று அடித்தால் மறைப்பே கிடையாது, முனையைத் தாண்டினால் ஓர் உப்பங்கழி இருக்கிறது, அதற்குள் போய்விடலாம் என்றார்.

போய்ப் பார்த்தோம். குறுகலான கழி. இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள். தண்ணீர் அசையவே இல்லை. ஆனால் கரை மேட்டில் வரிசை வரிசையாகக் கற்கள் நட்டிருந்தன. மலாய்க்காரர்களின் புதைகாடு.

"கண்ணு தொறக்காத சாமிய சவக்காட்டுல கொண்டாந்து வைக்கிறதா? திருப்பச் சொல்லுங்க," என்றார் கங்காணி.

என் கணவர் அவருக்கும் ஒரு படி மேலே போனார். பிள்ளைத்தாய்ச்சியை அந்தி நேரத்தில் யாராவது இங்கே கூட்டி வருவார்களா என்று என் தலையில் முந்தானையைப் போட்டு மூடினார். படகுக்காரர் வாதாடவில்லை. துடுப்பைப் போட்டுப் படகைத் திருப்பினார்.

முனையைத் தாண்டி வெளியே வந்ததும் அலை தூக்கிப் போட்டது. அடிவயிறு சுருக்கென்று இழுத்துப் பிடித்தது. முதல் இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. புதைகாட்டை நினைத்தாலும் பயம், இந்த வலியை நினைத்தாலும் பயம். ஆனால் வலி எனக்குத் தெரிந்த எதிரி. அதுவரை கங்காணி முன்னால் வாயே திறக்காத நான் முந்தானையை விலக்கினேன்.

"அண்ணே, காளிக்கு மயானம் என்ன புதுசா? ஊர்ல அவ ஆடுறதே அங்கதானே. இந்த ஆட்டம் என் வயித்துக்கு ஆகாது. உள்ளேயே போலாம்."

கங்காணி சாக்குச் சுற்றிய அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே படகுக்காரரிடம் கழிப் பக்கம் கையைக் காட்டினார்.

கழிக்குள் நங்கூரம் போட்டபோது கரையில் ஒரு மலாய்ப் பெண் நின்றிருந்தாள். அவளுக்கும் வயிறு, என்னுடையதை விடப் பெரியது. நான் அடிவயிற்றைப் பிடித்திருந்ததைப் பார்த்து வா என்று கூப்பிட்டாள். அவள் வீடு கல்லறைகளுக்கு அந்தப் பக்கம். அவற்றின் நடுவேதான் பாதை. நான் முதல் கல்லருகே நின்றுவிட்டேன். "தா ஆப்பா, தா ஆப்பா," ஒன்றும் ஆகாது என்று சொல்லி அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மரக்கால்கள் மேல் உயர்த்திக் கட்டிய அந்த வீட்டின் ஏணிப்படி முழுக்கக் குழந்தைகள், எல்லாம் அங்கேயே பிறந்து, அந்தக் கற்களுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடி வளர்ந்தவை. அவள் என்னைப் படுக்க வைத்து, எண்ணெயைச் சூடு பண்ணி முதுகிலும் காலிலும் தேய்த்தாள். வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நான் அசந்து தூங்கினேன். என் கணவர் கல்லறைப் பக்கம் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

விடியும் நேரத்தில் படகுக்காரர் சொன்ன காற்று மழையோடு வந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை பிய்ந்துவிடும்போல் படபடத்தது. மரங்களுக்கு அப்பால் கடல் இரைகிற சத்தம் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மழை நிற்கும்வரை விடவில்லை.

வெளிச்சம் வந்து போய்ப் பார்த்தால், எங்கள் படகு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. கங்காணி தகர டப்பாவால் மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். கடலுக்கு வந்ததும் அந்த மணல் கரையைப் பார்த்தோம். தென்னைகள் சாய்ந்து கிடந்தன. கொப்பரைப் படகு விலா உடைந்து மணலில் கவிழ்ந்திருந்தது. அதன் ஆட்கள் உயிர் பிழைத்து நனைந்த கோழிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டு பத்து பாகாட் போய்ச் சேர்ந்தோம். தங்கும் இடத்தைக் காட்டியது காளிதான் என்று கங்காணி தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் மறுக்கவில்லை.

மாதம் நிறைந்து எனக்குப் பெண் பிறந்தாள். பிறந்ததும் அவள் அழுத அழுகையைக் கேட்டு லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நான் மட்டும் போதும் போதும் என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த மலாய்ப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, ஒதுங்க ஓர் இடம் தேட வேண்டி வரும்போதெல்லாம், அந்த இடத்துக்கு ஊரார் வைத்திருக்கும் பேரைக் கேட்பதில்லை. அங்கே வாழ்கிறவர்களின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.