மூலை நட்சத்திரமும் ஒரு பொட்டுச் சந்தனமும்

வானத்தை அகலமாகப் படமெடுக்கும் லென்ஸில், நடுவில் விழும் நட்சத்திரம் எப்போதும் அழகுதான். வம்பெல்லாம் மூலையில். அங்கே அது புள்ளியாக நிற்காமல் றெக்கை முளைத்துக்கொள்ளும். அந்த றெக்கையை ஒழிப்பதற்காகவே எட்டுக் கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தபடி ஒன்றரை வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நானே முழுதாக வடிவமைத்த முதல் லென்ஸ் அது. செய்து முடித்த ஒன்று பெங்களூர்க் கம்பெனியிலிருந்து, நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் திருமயத்துக்குக் கூரியரில் வந்தது. மூலைகள் சரியாக இருப்பதைத் திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால், கம்பெனியில் வேறொருவர் வடிவத்துக்குப் போய்விடுவார்கள்.

சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் கணவர் பைக் மெக்கானிக். அவரிடம் ஒரு பேரிங் குண்டு வாங்கி, ஊருணிக்கு அக்கரையில் கறுப்புத் துணி விரித்து வைத்தேன். வெயில் பட்டால் அது பொட்டாக மின்னும். அதுதான் என் நட்சத்திரம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து கேமராவைத் திருப்பி, அதைப் படத்தின் வலது மூலைக்குக் கொண்டுவந்தேன். கோழி இறகு போல இழுத்துக்கொண்டு கிடந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்த கணவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"அங்கிட்டு மூலையும் இப்படித்தானா?"

நான் பார்க்கவே இல்லை. ஒரு மூலையைப் பார்த்ததுமே ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தேன். கேமராவைத் திருப்பிப் பார்த்தால், இடது மூலையில் நட்சத்திரம் உருண்டையாக இருந்தது. வடிவம் தப்பென்றால் நாலு மூலையும் ஒன்றுபோலத்தானே கெட வேண்டும்?

"லென்சு நேரா உக்காந்திருக்கா பாரும்மா. இஞ்சின் ஹெட்டுக்கு அடியில துளி மண்ணு இருந்தாலே எங்களுக்கு ஆயில் கசியும்."

"நான் என்ன பைக்கா மாட்டியிருக்கேன்?" என்று எரிந்து விழுந்தேன். விழுந்துவிட்டு, கழற்றிப் பார்த்தேன்.

கேமராவோடு பொருந்தும் வளையத்தில் ஒரு பொட்டுச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பார்சலைப் பிரித்த அன்று, சாமி படத்துக்கு முன்னால் வைத்து நானே இட்டது. வெளியே இட்டால் ஆபீஸில் சிரிப்பார்களே என்று, யார் கண்ணிலும் படாதபடி பின்பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தேன். புத்தி எங்கே போயிருந்ததோ.

துடைத்து மாட்டினேன். நாலு மூலையிலும் நட்சத்திரம் புள்ளியாக நின்றது. அன்று மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் படங்களைப் பார்த்துவிட்டு, லென்ஸைக் காட்டச் சொன்னார்கள். தூக்கிக் காட்டினேன். வெளிப்பக்கத்தில், எல்லோருக்கும் தெரியும்படி, சந்தனமும் குங்குமமும் இருந்தன.