வழி கேட்டவரின் தொப்பி

சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய தொப்பி ஒன்று இருக்கிறது. விளிம்பு பிய்ந்து, உள்பட்டை வியர்வையில் கறுத்துப்போன தொப்பி. அதற்குக் கீழே வைக்கும் ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். தமிழாக்கம் என்று என் பெயரும் அடியில் சின்னதாக வருமாம். நார்த்மீட் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன்.

முதல் சொல்லே இடறியது. வெள்ளைக்காரர் மலை தாண்டிக் குடியேறப் போன காலத்தில், முன்கூட்டியே போய்ப் பாதை பார்த்து வந்த ஒரு ஸ்கவுட்டின் தொப்பி அது. சாரணர் என்று எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கழுத்துத் துண்டுதான் ஞாபகத்துக்கு வரும். வழிகாட்டி என்று எழுதிவிட்டு, கூடவே அனுப்பியிருந்த, தொப்பிக்குப் பக்கத்தில் வைக்கும் பழைய படத்தைப் பார்த்தேன். தொப்பிக்காரர் குதிரையில் வருகிறார். அவருக்கு முன்னால் அந்த மண்ணின் கறுப்பு மனிதர் ஒருவர், கையை நீட்டித் திசை காட்டியபடி வெறுங்காலுடன் நடக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொப்பி முயல் ரோமத்தில் செய்தது, அதைப் பூச்சி அரிக்காமல் இப்படி இப்படிக் காக்கிறோம் என்றெல்லாம் குறிப்பில் இருக்கிறது. நடந்த மனிதரைப் பற்றி ஒரு சொல் இல்லை. யார் யாருக்கு வழி காட்டியது? முயல் ரோமத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இப்படி எழுதி அனுப்பினேன்: “வழி கேட்டவரின் தொப்பி. வழி காட்டியவர் படத்தில் முன்னே நடக்கிறார். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.”

மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர் ஹோம்புஷிலிருந்து அழைத்தார். சென்னைக்காரர்.

“மேடம், இங்கிலீஷ்ல இப்படி இல்லையே?”

“ஓம், இல்லைத்தான். படத்தை வடிவாப் பாத்தனீங்களோ? ஆர் முன்னுக்குப் போறது?”

“நீங்க சொல்றது புரியுது. ஆனா அங்க இருக்கறதத்தானே நாம எழுதணும்?”

“படத்தில இருக்கிறதைத்தான் நானும் எழுதினனான்” என்றேன்.

பிறகு அருங்காட்சியக அதிகாரியை அழைத்து, ஆங்கிலக் குறிப்பையே மாற்றுங்கள் என்றேன். அருமையான யோசனை, அடுத்த முறை பார்க்கலாம் என்று இனிக்க இனிக்கச் சொன்னார். பெயர் தெரியாத ஒருவரை எப்படிக் குறிப்பிடுவது என்றும் கேட்டார். பெயரைக் கேட்காமல் விட்டது யாருடைய பிழை என்று கத்திவிட்டேன்.

குறிப்பு அச்சாகி வந்தது. வழிகாட்டியின் தொப்பி. முயல் ரோமம் திரும்பவும் வந்து குந்தியிருந்தது. அடியில் என் பெயர். இந்தப் பொய்க்குக் கீழே என் பெயர் இருக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள் என்றேன்.

அதை மட்டும் அன்றைக்கே செய்து முடித்தார்கள்.