கெர்ட்ரூட் டீச்சரும் கதவைத் திறக்காத மடிக்கணினியும்

மலேசியாவின் ஈப்போ நகர், புந்தோங்கில் கெர்ட்ரூட் டீச்சரிடம் படிக்காத பிள்ளைகள் குறைவு. அவர் பிறந்தது கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, குடும்பம் டவுனுக்கு வந்தபோது படிப்பு பாதியில் நின்றது. பாலர்பள்ளியில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடும் வேலையில் சேர்ந்தவர், பிறகு பாடமும் நடத்தினார். ஐம்பது வயதைத் தாண்டியபின் பாதியில் விட்ட பள்ளித் தேர்வைத் தனியாக எழுதித் தேறி, பாலர் கல்வி டிப்ளோமாவிலும் சேர்ந்துவிட்டார்.

அதன் கடைசிப் படி, இணையம் வழியாக ஒரு வாய்மொழித் தேர்வு. அன்று காலை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார். கடவுச்சொல் தவறு என்றது திரை. மறுபடி அடித்தார். மறுபடியும் தவறு.

"மறந்திருப்ப லா. வயசாகுதுல்ல," என்றார் கணவர் சூசைநாதன்.

"நான் மறக்கலங்க. எங்க வகுப்புப் பேருதான், குருவி. இங்கிலீஷ் எழுத்துல. தினம் அடிக்கிறேனே!"

பதற்றத்தில் இன்னும் சில முறை அடித்ததும், சற்று நேரம் கழித்து முயலும்படி சொல்லிவிட்டு மடிக்கணினி பூட்டிக்கொண்டது. கணினி பழுதுபார்க்கும் ஸைஃபுலுக்குப் போன் போட்டார்.

"ஃபார்மட் பண்ணிடலாம்க்கா. ஆனா உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்."

உள்ளே இருந்தது இந்தத் தேர்வுக்காக அவர் வகுப்புப் பிள்ளைகளைப் படம் பிடித்துத் தயாரித்த பாடம் முழுவதும். வேறெங்கும் நகல் இல்லை.

"வேணாம் தம்பி. நானே பாக்கிறேன்."

ஒருவேளை கணவர் சொல்வதுபோல் நிஜமாகவே மறந்துவிட்டோமோ? இல்லை. தெரிந்ததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பூட்டு விட்டதும் இந்தமுறை விசைகளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி, ஒற்றை விரலால் மெதுவாக அடித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி விழுந்தது. ஆர் எழுத்தை அழுத்தியபோது புள்ளி விழவில்லை. பெட்டியின் ஓரத்திலிருந்த கண் படத்தைச் சொடுக்கினார். புள்ளிகள் எழுத்துகளாக மாறின. குருவியில் 'ரு' பாதி பறந்து போயிருந்தது.

"ஆர் வேலை செய்யல! நான் மறக்கல!" என்று கத்தினார்.

சூசைநாதன் தலையைச் சொறிந்தார். "நேத்து மீலோ குடிக்கிறப்ப கீபோர்டுல கொஞ்சம் சிந்திடுச்சு... தொடச்சிட்டேனே."

திட்டுவதற்கு நேரமில்லை. மீண்டும் ஸைஃபுலை அழைத்தார்.

"அட, அவ்ளோதானாக்கா? கீழ வலது ஓரத்துல மனுஷன் மாதிரி ஒரு படம் இருக்கா? அதை அமுக்குங்க. ஸ்கிரீன்லயே கீபோர்டு வரும்."

திரையின் அடியில் விசைகள் வரிசையாக எழும்பி வந்தன. சுட்டியை நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கினார். ஆர் விழுந்தது. திரை மலர்ந்தது. கெர்ட்ரூட் இரண்டு கைகளாலும் மேசையைத் தட்டி ஒரு குதி குதித்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

தேர்வாளர்கள் மூவரும் திரையில் வந்தபோது அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பேச ஆரம்பித்ததும் படபடப்பு காணாமல் போனது. பேசத் தெரியாத பிள்ளை தன் பெயரைச் சொல்லும் முதல் நாளைப் பற்றிச் சொன்னபோது, நடுவில் இருந்த மலாய்க்கார அம்மையார் கேள்வித் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மலாயிலும் தமிழிலும் வந்த எல்லாக் கேள்விகளுக்கும் கெர்ட்ரூட் மளமளவென்று பதில் சொன்னார்.

"தஹ்னியா, சிக்கு கெர்ட்ரூட். லூலூஸ்," என்றார் அம்மையார் கடைசியில்.

வாழ்த்துகள் டீச்சர், தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம். கெர்ட்ரூட் மடிக்கணினியை மூடாமலே எழுந்து சூசைநாதனைக் கட்டிக்கொண்டார்.

"வா, வெளிய போய்ச் சாப்பிடலாம். என்ன வேணும் சொல்லு," என்றார் அவர்.

"எல்லாமே வேணும் லா!" என்று சிரித்தபடி கெர்ட்ரூட் செருப்பை மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் வாசலைத் தாண்டினார்.