காத்திருப்போர் எவருமில்லை

அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோது மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிகள் முதலில் இரவு ஷிப்டை நிறுத்தின. பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்களை. விடிவதற்குள் செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, எங்கள் ஊரான திருவிடந்தைக்கு வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் அரசு பஸ் காலியாக ஓடத் தொடங்கியது. காலி வயிறு தெரியாத அரசாங்கத்துக்குக் காலி பஸ் உடனே தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டார்கள்.

வேலை போனவர்களில் எங்கள் பின்தெருப் பெண் ஒருத்தி. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை தேடிக்கொண்டாள். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். மீன்காரரின் மொபெட்டில் மாமல்லபுரம் போய், அங்கே பஸ் பிடிப்பாள். தினமும் தாமதம். மாதக் கடைசிவரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

நான் தாலுகா ஆபீசில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன். மனு எழுதிக் கொடுத்தேன். அவளால் லீவு போட முடியாது என்பதால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நானே வரிசையில் நின்று கொடுத்தேன். மனு கலெக்டர் அலுவலகத்திலிருந்து படிப்படியாக இறங்கி, பஸ்ஸை நிறுத்திய அதே டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. யார்மேல் புகாரோ அவரிடமே விளக்கம் கேட்பதுதான் நடைமுறை.

அடுத்தது கள ஆய்வு என்று எனக்குத் தெரியும். "பழைய நேரத்துக்கே எல்லாரும் ஸ்டாப்ல நில்லுங்க. ஆள் எண்ண வருவாங்க" என்றேன். வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு வாரம் இருட்டில் போய் நின்றார்கள். யாரும் வரவில்லை.

டிப்போ ஆய்வாளர் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு வந்து இறங்கினார். ஸ்டாப்பில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் எதிரே டீக்கடையில் இருந்தேன்.

"விடிகாலையில வந்திருந்தா கூட்டத்தப் பாத்திருக்கலாமே சார்."

"எதுல வர்றது? இந்தப் பக்கம் வர்ற மொத வண்டியத்தான் நிறுத்திட்டோமே."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையான சிரமத்தைத்தான் சொன்னார்.

"ஆள் நிக்கிறாங்கன்னு எழுதுங்க."

"கண்ணால பாத்தத்தானே எழுத முடியும்? நீங்களும் ஆபீஸ்ல இருந்தவர்தானே."

அவருக்கும் ஒரு டீ சொன்னேன். டீக்கு அவரே காசு கொடுத்தார், நேர்மையானவர்.

பதில் வந்து சேர்வதற்குள் மாதக் கடைசி போய்விட்டது, வேலையும் போய்விட்டது. கடிதத்தோடு அவள் வந்தாள்.

"இன்னா சார் எழுதிக்கீது?"

படித்தேன். ஆய்வின்போது மேற்படி நிறுத்தத்தில் பயணிகள் எவரும் காத்திருக்கவில்லை. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது.

"விடிகால வண்டிக்குப் பகல்ல எவ சார் போயி நிப்பா?"

"மேல்முறையீடு பண்ணலாம். நான் எழுதித் தரேன்."

"அத்தப் போட்டா ஆஸ்பத்திரில மறுபடி எடுத்துப்பாங்களா?"

அது வேறு துறை என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம் அப்படி.