எசன்ஸ் போடாத கேக்

அப்பா எசன்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். அந்த ஒரே காரணத்தால் எனக்குச் சின்ன வயதில் ஒரு நல்ல மிட்டாய்கூடத் தின்னக் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மொன்றியலில் சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியிருந்தோம். தொழிற்சாலை அங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். இனிப்பு, சோடா, யோகட், பற்பசை என்று உலகத்தில் பழத்தின் வாசம் வீசவேண்டிய எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் வாசம் போவதாக நான் நம்பியிருந்தேன். அப்பா பெரிய தொட்டிகளில் பவுடரையும் திரவத்தையும் கொட்டிக் கலப்பவர். திங்கட்கிழமை வாழைப்பழமாக வீட்டுக்கு வருவார். புதன்கிழமை செர்ரி. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்காரும் குழந்தைகள் எச்சில் விழுங்குவார்கள். அம்மா மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, வேலை உடுப்பைப் பின் பால்கனியிலேயே கழற்றிக் கொழுவவைத்துவிட்டுத்தான் அவரை உள்ளே விடுவார்.

இப்படி வாசமாக வருகிற மனிதர் வீட்டுக்குள் கலர் போட்ட ஒரு சாமானையும் நுழையவிடமாட்டார். சிவப்பு ஜெலி கிடையாது. நீல ஐஸ்பழம் கிடையாது. என் வகுப்பில் எல்லோரும் மத்தியானத்தில் செம்மஞ்சள் சீஸ் மக்கரோனி சாப்பிட, நான் எள்ளுருண்டையும் தேசிக்காய்த் தண்ணியும் வைத்துக்கொண்டு இருப்பேன். மூலையில் இருந்த டெப்பனூர் கடைக்கு அப்பாவுடன் போவதைப்போல அவமானம் வேறில்லை. ஒவ்வொரு பெட்டியாக எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை என்னைக்கொண்டு பிரெஞ்சில் வாசிக்கவைப்பார். கடைக்காரர் முதலில் சிரித்தார். போகப் போக, எங்களைக் கண்டதும் பெருமூச்சுவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டத் தொடங்கினார்.

"படத்திலை எத்தினை ஸ்ட்ராபெரி கிடக்கு, எண்ணு."

"ஆறு, அப்பா."

"உள்ளுக்கை எத்தினை கிடக்கு?"

"ஒண்டும் இல்லை, அப்பா."

"பேந்தென்ன, வை அங்கை. இதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். நான்தானே ஊத்துறன்."

தான் ஊற்றுவதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காத மனிதரை என்ன செய்வது? மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊற்றலாமா என்று ஒருநாள் கேட்டேன். அப்பா குனிந்து சோற்றைக் குழைத்தார். அம்மாதான், வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றார்.

என் பத்தாவது பிறந்தநாள் ஜூன் கடைசியில், பள்ளிக்கூடம் விட்ட வாரத்தில் வந்தது. வகுப்பிலிருந்து மூன்று பேரை வீட்டுக்கு அழைக்க அனுமதி கிடைத்தது. பல மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதி. எனக்கு வேண்டியிருந்தது கடைக் கேக்: பளபளவென்று இளஞ்சிவப்பு ஐசிங், மேலே என் பெயர். அம்மாவுக்கும் அதில் விருப்பம்தான். ஆனால் அப்பா, பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாங்களே செய்வோம், பழத்தை நாங்களே பிடுங்கிச் செய்வோம் என்று அறிவித்தார். அவர் அறிவித்தால் அறிவித்ததுதான்.

ஆக, பிறந்தநாளுக்கு முதல் நாள் காலை எங்கள் பழைய காரில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனோம். வாளியைத் தந்து, நீங்களே பிடுங்குங்கள் என்று விடுகிற தோட்டம். முதல் நாள் மழை. சப்பாத்து முழுக்கச் சேறு. நுளம்பு வேறு. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றபடி, இதற்குத்தானா கனடா வந்தோம் என்று தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருந்தார். அப்பாவோ ஒவ்வொரு பழத்தையும் என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"மணந்து பார். எப்பிடிக் கிடக்கு?"

"ஸ்ட்ராபெரி மாதிரிக் கிடக்கு."

"அது தெரியும். வேறை? சொல்லு."

"இனிப்பா மணக்குது."

"வேறை?"

"மண் மணக்குது, அப்பா! இலை மணக்குது! காணுமா?"

காணும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பழத்தை நீட்டினார். அந்தப் பழமும் ஸ்ட்ராபெரி மாதிரித்தான் மணந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பரீட்சை முடியாத ஒரே பிள்ளை நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கேக் வேலை தொடங்கியது. அம்மா ரிப்பன் கேக் போடுவதில் பேர் எடுத்தவர். ஒரு தட்டு இளஞ்சிவப்பு, ஒரு தட்டு பச்சை, நடுவே வெள்ளை. கலரும் எசன்ஸும் இல்லாமல் அதை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அப்பா, ஸ்ட்ராபெரியை மசித்து ஒரு தட்டுக்கும் கீரையை அரைத்து மற்றத் தட்டுக்கும் ஊற்றச் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஊற்றினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு வேலையைச் செய்தால் அது உருப்படாது என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது இளஞ்சிவப்புத் தட்டு எலியின் நிறத்தில் இருந்தது. கீரைத் தட்டைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். மேலே பூச அடித்த ஐசிங், பழத்தின் தண்ணீரில் திரைந்து தயிர்போல் கிடந்தது.

"இதை அந்தப் பிள்ளையளுக்கு எப்பிடிக் குடுக்கிறது? வெக்கமா இல்லையே உங்களுக்கு?" என்றார் அம்மா.

"இதுதான் இயற்கையின்ரை நிறம். கடைக் கேக் சிவக்கிறதுதான் பொய்," என்று சொல்லிவிட்டு, கீழ்வீட்டில் கதிரை இரவல் வாங்க அப்பா படியிறங்கிப் போனார்.

அம்மா சேலை மாற்ற அறைக்குள் போனார். நான் குசினியில் அந்த எலிக்கேக்குடன் தனியே நின்றேன். இன்னும் அரை மணி நேரத்தில் என் சிநேகிதிகள் வந்துவிடுவார்கள். செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது வகுப்பு முழுக்க இந்தக் கேக்கைப் பற்றித்தான் பேசும். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் கூடுதலாக வந்தது. நேரே பின் பால்கனிக்குப் போய், கொழுவியிருந்த வேலை உடுப்பின் பைக்குள் கையை விட்டேன். சில நாட்களில் அப்பா பரிசோதனை அறைக்குக் கொண்டுபோகவேண்டிய சாம்பிள் போத்தலை மறந்துபோய் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் ஒன்று இருந்தது. பெருவிரல் அளவு மண்ணிறப் போத்தல். ஒட்டியிருந்த தாளில் ஓர் இலக்கமும் 'ஸ்ட்ராபெரி' என்று பிரெஞ்சில் ஒரு சொல்லும்.

அது ஒரு தொட்டிக்குச் சில சொட்டுப் போடுகிற சாமான் என்று எனக்குத் தெரியாது. முழுப் போத்தலையும் ஐசிங்குக்குள் கவிழ்த்து, கரண்டியால் கலக்கி, கேக்கின் மேல் பூசினேன்.

வாசம் எழும்பியது. முதலில் ஸ்ட்ராபெரியாக இருந்தது. பிறகு சுவிங்கமாக, பிறகு நகப்பூச்சாக, கடைசியில் கண் எரிகிற ஏதோவாக ஆனது. அம்மா அறையிலிருந்து ஓடிவந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கையில் இருந்த போத்தலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது.

எல்லோரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். என் சிநேகிதிகள் மூன்று பேர். அப்பாவுடன் அதே தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு மாமா, அவர் மனைவி. பின்னால் அப்பா, இரண்டு தோளிலும் கதிரைகளுடன். வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அப்பா மட்டும் நிற்கவில்லை. நேரே வந்து கதிரைகளை விரித்துப் போட்டார்.

"கேக் எங்கடை. நேற்றுத் தோட்டத்திலை பிடுங்கின பழம்," என்று எல்லோருக்கும் சொன்னார். பிறகு என் சிநேகிதிகளுக்காக அதையே தன் பிரெஞ்சில் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

பாடினார்கள். வெட்டினேன். முதல் துண்டைப் பெற்றோருக்குத்தான் ஊட்டவேண்டும். அம்மா எட்டி நின்றுகொண்டார். அப்பா வாயைத் திறந்தார். இப்போது போத்தல் விஷயம் வெளிவரப் போகிறது, எல்லோர் முன்னாலும் ஏச்சு விழப் போகிறது என்று பயந்துகொண்டே துண்டை வைத்தேன்.

அப்பா நிதானமாக மென்றார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"மெல்லிசாக் கசக்குது. அது பழத்தின்ரை விதை. கசந்தால்தான் இயற்கை," என்றார். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு சொட்டு எசன்ஸ் இல்லை, கண்டியளே? இதுதான் உண்மையான ஸ்ட்ராபெரி."

அந்த மாமா கைலேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கேட்டார்:

"என்ன அண்ணை பகிடி விடுறியள்? இது எங்கடை சாமானெல்லோ? வாசலிலையே மணக்குதே!"

அப்பா கேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அவர் குனிந்து, தட்டில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய் மூச்சை இழுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே," என்றார் மெதுவாக.

"அவருக்கு ரெண்டு நாளாத் தடிமன்," என்று அம்மா அவசரமாக இடையில் புகுந்தார். "சளி அடைச்சுக்கொண்டு நிக்குது. இஞ்சருங்கோ, நீங்கள் போய் யன்னலைத் திறவுங்கோ. பிள்ளையள், ரோல்ஸ் சாப்பிடுங்கோ."

அப்பா போய் யன்னலைத் திறந்தார். ஒவ்வொரு யன்னலாக எல்லாவற்றையும் திறந்தார்.

கேக் குப்பைக்குப் போனது. சிநேகிதிகள் ரோல்ஸும் வடையும் தின்றார்கள். அவர்களில் ஒருத்தி, போகும்போது, வீட்டு வாசம் நன்றாக இருந்ததென்றுகூடச் சொன்னாள். அவர்கள் போன பிறகு அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை.

"கேள். ஒரு வருசமா அப்பாக்கு ஒரு மணமும் தெரியாது. பால் பழுதாப் போனாலும் தெரியாது, கறி அடிப்பிடிச்சாலும் தெரியாது. அந்தப் பவுடரைச் சுவாசிச்சுச் சுவாசிச்சுத்தான் மூக்குச் செத்துப்போச்சுதோ ஆருக்குத் தெரியும். டொக்டரும் அப்பிடித்தான் சந்தேகப்படுறார். வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லாதை. வேலையிலை தெரிஞ்சால் வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

நியாயமாக எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். மூக்கே வேலை செய்யாத ஒருவர் ஒரு வருடமாக எங்களுக்கு வாசத்தைப் பற்றி வகுப்பெடுத்தாரா? தோட்டத்தில் என்னைச் சேற்றில் நிறுத்திவைத்து மணந்து பார், மணந்து பார் என்று உயிரை எடுத்தது, விடை தெரியாத ஆசிரியரா? எத்தனை ஜெலி, எத்தனை ஐஸ்பழம் வீணாய்ப் போனது என்று நான் எண்ணிப் பார்த்தேன். ஏமாற்றப்பட்ட உணர்வுடன் படுக்கப் போனேன்.

மறுநாள் ஞாயிறு. அப்பா சோபாவில் ஒன்றும் செய்யாமல் இருந்தார். நான் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"அப்பா, உங்களுக்கு ஒரு பரீட்சை. கண்ணை மூடுங்கோ."

அம்மா உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "விடும். பிள்ளை வைக்கட்டும்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்துச் சாமான் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே பிடித்தேன். மிளகாய்த்தூளைச் சவர்க்காரம் என்றார். உள்ளியை வாழைப்பழம் என்றார். சாம்பிராணிக்கு வெகுநேரம் யோசித்து, தெரியாது என்றார். கோப்பியைச் சரியாகச் சொன்னார்; தகர மூடி திறந்த சத்தத்தை வைத்துத்தான் சொன்னார் என்று நான் வாதாடினேன். அவர் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். மிளகாய்த்தூளுக்குத் தும்மியதற்கு அரைப் புள்ளி கேட்டார். நான் கொடுக்கவில்லை. கடைசியில் கூட்டிப் பார்த்துப் பத்துக்கு ஒன்று என்று அறிவித்தேன்.

"நிண்டு கொள், இன்னும் ஒண்டு கிடக்கு," என்றார் அப்பா. "கிட்ட வா."

கண்ணைத் திறக்காமலே என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தார். அன்று காலைதான் அம்மா எண்ணெய் வைத்து, சீயாக்காய் போட்டு முழுகவார்த்திருந்தார். ஒரு தரம் இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார், நீளமாக. அவருடைய மூச்சு என் வகிட்டில் சுடச்சுட விழுந்தது. மூன்றாம் தரமும் இழுத்துவிட்டு, அப்படியே அசையாமல் இருந்தார்.

எனக்குக் கூசியது. தொலைக்காட்சியில் நான் பார்க்கிற கார்ட்டூன் தொடங்குகிற நேரம் வேறு. அவர் அங்கே எதைத் தேடினார், கிடைத்ததா இல்லையா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்று என் மகளின் தலையை நான் முகரும்போது அவளும் இப்படித்தான் திமிறுகிறாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பரீட்சை முடிந்த பிறகு விடை எழுத அனுமதியில்லை என்பதுதான்.

"அப்பா, இது கணக்கிலை இல்லை!" என்று சலித்துக்கொண்டு தலையை உருவினேன். தாளில் பத்துக்கு ஒன்று என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே 'பெயில்' என்று போட்டு, பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் இருப்பதுபோல் கையெழுத்துக்கு ஒரு கோடும் கீறி நீட்டினேன்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள்தான் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுத் தந்தார்.